மிதித்துப் போன மின்சார சைக்கிள்

எங்கள் பட்டறையில் செய்த மின்சார சைக்கிளைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்க் காட்டிவர என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு முதலாளி ஒரே ஒரு காரணம்தான் சொன்னார். "அங்கயும் தமிழ்தானப்பா. உனக்கென்ன கஷ்டம்?"

கோயம்புத்தூரில் அந்தச் சைக்கிளை அப்போது யாரும் வாங்குவதாக இல்லை. ஏறி உட்கார்ந்தால் தானாகப் போகும் என்றால், "அதுக்கு மொபெட் வாங்கிக்கிறேனுங்க" என்றார்கள். வேண்டுமானால் மிதித்தும் ஓட்டலாம் என்றால், "அதுக்குச் சைக்கிள் இருக்குதுங்களே" என்றார்கள். இந்த நிலைமையில்தான், இலங்கையின் கிழக்கே ஊர் ஊராகச் சுற்றும் மருத்துவிச்சிகளுக்கு மின்சார சைக்கிள் கொடுக்கலாமா என்று ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் யோசிப்பதாகச் செய்தி வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இல்லையென்றால் முதலாளி பழையபடி கிரைண்டர் மோட்டார் சுற்றப் போய்விடுவார். நாங்கள் ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டும்.

அது சமாதான காலம். அதாவது, சண்டை போடமாட்டோம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட பிறகு, அந்தத் தாளை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த காலம்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ரஹீம் நானாவின் வீட்டில் தங்க ஏற்பாடு. நானா என்றால் அண்ணன். கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காலையில் எழுந்ததும், "பாண் சாப்பிடுவீங்கதானே?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் வெற்றிலை போடுகிற ஊரா என்று திகைத்து, "சாப்பிட்ட பிறகு போட்டுக்கிறேனுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வந்தது ரொட்டி. எங்கள் ஊர் பேக்கரி ரொட்டியேதான், ஆனால் சீனி போடாதது. கூடவே இடித்த சம்பலும் பருப்பும். மிளகாய் காதுவரை போனது. அங்கேயும் தமிழ்தான் என்ற முதலாளியின் கூற்று, முதல் நாளே பாணில் இடறியது.

துறைமுகம் நம்பமுடியாத அமைதியோடு கிடந்தது. எங்கள் ஊரில் பெரிய தண்ணீர் என்றால் சிங்காநல்லூர் குளம். இங்கே மலைகளுக்கு நடுவே கடலை யாரோ ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. கரையோரம் மணல் மூட்டைகள். மூட்டைகளுக்கு முன்னால் இரண்டு மான்கள் ஒரு சினிமாச் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றை யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

மின்கலத்துக்கு இரவே சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். ஊர் பார்க்கும் சாக்கில் சைக்கிளையும் சோதித்துவிடலாம் என்று துறைமுக வீதியில் கிளம்பினேன். தட்டையான நல்ல சாலை. கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடியை முறுக்கி, காற்று வாங்கியபடி போனேன். முன்னால் ஒரு காவலரண் இருந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து நான் எப்படித் தெரிவேன் என்பதைக் கவனிக்கவில்லை. ஒருவன் சைக்கிளில் வருகிறான். கால் அசையவில்லை. சத்தமும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதிலிருந்து கம்பிகள், ஒரு சிவப்பு விளக்கு மினுங்குகிறது.

விசில் ஊதியபோது நான் நிறுத்திய வேகத்துக்கு எங்கள் பிரேக்கைப் பாராட்ட வேண்டும். சைக்கிளைச் சாலையில் படுக்கவைத்தார்கள். எல்லோரும் தூரப் போய் நின்றுகொண்டு, பெட்டியைத் திறக்கும் கௌரவத்தை எனக்கே விட்டார்கள். திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதில் அவர்களுக்குச் சிறு ஏமாற்றம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

அதிகாரி ஆங்கிலம் பேசினார், மரியாதையான மனிதர். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம், மின்கலமும் கம்பிப் பெட்டியும் இங்கேயே இருக்கட்டும் என்றார். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டேன்.

"சமாதானம் வந்ததும்."

"இப்போ சமாதானம்தானுங்களே?"

அவர் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ்டர், உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

ரஹீம் நானா வருத்தப்பட்டாலும் ஆச்சரியப்படவில்லை. "பற்றரி எண்டா எங்களுக்கு ரேடியோ, லைட்டு. அவங்களுக்குக் குண்டு. நீங்க எதுக்கு அதைப் பூட்டிக்கிட்டு அவங்களுக்கு முன்னால போனீங்க?"

தொண்டு நிறுவனத்தின் திட்ட அதிகாரி சிவநாதன் உள்ளூர்க்காரர், எந்தச் செய்திக்கும் கலங்காதவர். மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் ஒரு மருத்துவிச்சி இருப்பதாகவும், அவர் சரியென்று சொன்னால்தான் தான் மேலே எழுத முடியும் என்றும் சொன்னார்.

"மோட்டார் ஓடாதுங்களே. எதைக் காட்டறது?"

"சைக்கிளைக் காட்டுங்கோ. மோட்டரை வாயால சொல்லுங்கோ. எங்கட திட்டமெல்லாம் அப்பிடித்தானே நடக்குது."

அப்படியாக மறுநாள், மின்சாரம் இல்லாத மின்சார சைக்கிளோடு கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்சில் ஏறினேன். மோட்டார் உள்ள வண்டிக்கு வேறு கட்டணம் என்று படகுக்காரர் மறித்தார். ஓடாது என்றேன். "ஓடாதெண்டால் சைக்கிள்" என்று பெருந்தன்மையாகக் குறைத்துக்கொண்டார். பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா என் பேச்சைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "இந்தியாவோ? படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்" என்றார். இங்கே பேசுவதைக் கதைப்பது என்கிறார்கள். பேசுவது என்றால் திட்டுவது. நான் முதல் நாள் ரஹீம் நானாவிடம், "நீங்க ஒரு வார்த்தை காவலரண்ல பேசிப் பாருங்க" என்று கேட்டிருந்தேன். அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பது நடுக்கடலில்தான் விளங்கியது.

மூதூரில் இறங்கினால் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. முந்தைய நாள் எங்கோ யாரையோ சுட்டுவிட்டார்கள், அதனால் ஹர்த்தால். பேருந்து இல்லை, ஆட்டோ இல்லை, சைக்கிளுக்கு மட்டும் தடையில்லை. என்னிடம் சைக்கிள் இருந்தது. அதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன், ஒரு மைல் போகும்வரை.

எங்கள் சைக்கிளின் மோட்டார் முன்சக்கரத்தின் நடுவில், ஒரு தடித்த உருளைக்குள் இருக்கும். உள்ளே காந்தங்கள். மின்சாரம் வரும்போது அவை சக்கரத்தைத் தள்ளும். வராதபோது சும்மா இருக்குமா என்றால் அதுவும் இல்லை, பிடித்து இழுக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக அதைப் பூட்டிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் மின்கலம் இல்லாமல் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. 'தேவையெனில் சாதாரண சைக்கிளாகவும் ஓட்டலாம்' என்று முதலாளி விளம்பரத்தில் போட்டிருந்தார். அந்த வரியை நினைத்துக்கொண்டே மிதித்தேன். மிதிக்க மிதிக்க, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பின்னால் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. வயலில் நின்ற ஒருவர் என்னை நிறுத்தி, "பிரேக் பிடிச்சுக்கொண்டு கிடக்குது போல, பாருங்கோ" என்றார். நன்றி சொன்னேன். பிரேக் அல்ல, மோட்டார் என்று விளக்கினேன். "மோட்டர் இருந்துமோ இப்பிடி?" என்றார்.

கட்டைபறிச்சானுக்கு முன்னால் பாலத்தடியில் சோதனைச்சாவடி. அங்கே நின்ற இளம் சிப்பாய்க்கு எல்லாவற்றையும் கையால் சுற்றிக் காட்டினேன். உருளையைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், அனுமதி கேட்டு ஏறி ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தான். மூச்சிரைக்க இறங்கிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். வரிசையில் நின்ற மீன் வியாபாரி ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இதை விக்கிற ஆள் நல்ல பொய்க்காரனா இருக்க வேணுமாம்."

மருத்துவிச்சியின் பெயர் புவனேஸ்வரி. ஊரே புவனா மிஸ் என்றது. உயரமான பெண்மணி, வெள்ளைச் சேலை, காலில் ஆண்கள் போடும் செருப்பு. சிகிச்சை நிலையத்தின் வாசலில் குழந்தைகளைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து சைக்கிளில் ஏறினார். மாமரம்வரை போய்த் திரும்பினார்.

"தம்பி, இது சைக்கிள் இல்லை. உரல்."

"பேட்டரி இருந்தா பறக்குமுங்க."

"பற்றரி எங்க?"

"காவலரண்ல."

"இஞ்ச எல்லாருக்கும் ஏதோ ஒண்டு காவலரணில கிடக்குது" என்றார். பின்னால் இருந்த கரியரைக் கையால் அமுக்கிப் பார்த்தார். மின்கலத்தின் எடையைத் தாங்குவதற்காக இரும்புக் குழாயில் செய்து, சட்டகத்தோடு பற்றவைத்த கரியர் அது. "இது மட்டும் நல்லாயிருக்கு."

விற்பனை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெறுந் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்து, சுகந்திக்குத் தலையிடி கூடிவிட்டதாகவும் கண் மங்கலாகத் தெரிவதாகவும் சொன்னாள். புவனா மிஸ்ஸின் முகம் மாறியது. அடுத்த சந்தில்தான் வீடு. நானும் பின்னால் போனேன். இருபது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதல் பிரசவம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வலியும் தொடங்கியிருந்தது. புவனா மிஸ் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கருவியைச் சுருட்டினார்.

"பிறசர் ஏறிட்டுது. வீட்டில வைச்சிருக்க ஏலாது. வலிப்பு வந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். தேவன் எங்க?"

தேவன் அவள் கணவன். வாகனம் பிடித்து வருகிறேன் என்று காலையிலேயே மூதூருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஹர்த்தால் நாளில் அங்கே வாகனம் கிடைக்குமா? புவனா மிஸ் தன் சைக்கிளைப் பார்த்தார், அதன் மெல்லிய கம்பிக் கரியரைப் பார்த்தார். பிறகு என் சைக்கிளைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு ஆள் வைச்சுச் சைக்கிள் ஓடத் தெரியும்தானே?"

கரியரில் தலையணையைக் கட்டினோம். சுகந்தி ஒருபக்கமாக உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். புவனா மிஸ் பக்கத்திலேயே தன் சைக்கிளில் வந்தார், ஒரு கை அவள் முதுகில். பள்ளம் வந்தால் நான் இறங்கித் தள்ளினேன். சமதரையில் ஏறி மிதித்தேன். மோட்டார் தன் வேலையைச் சரியாகச் செய்தது, விடாமல் பின்னால் இழுத்தது. எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. பின்னால் அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. வலி வரும்போது என் சட்டையை மட்டும் முறுக்கினாள். ஒருமுறை, "அண்ணை, பாரமா இருக்கிறனோ?" என்று கேட்டாள். "நீங்க இல்லீங்க, மோட்டார்தான்" என்றேன். அவள் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

பாலத்தடியில் ஆள் மாறியிருந்தது. காலையில் ஓட்டிப் பார்த்தவன் இல்லை. இவன் மூத்தவன், களைத்தவன். உருளையைக் கண்டதும் துப்பாக்கி சற்று உயர்ந்தது. நான் தமிழில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன், சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். உருளைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பிரித்துக் காட்ட எனக்கு ஒரு மேசையும் அரை நாளும் வேண்டும். புவனா மிஸ் சிங்களத்தில் தொடங்கினார். கதைத்ததல்ல, எல்லா ஊர் அர்த்தத்திலும் பேசினார். அவன் சுகந்தியின் வீங்கிய கால்களைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆனால் இறங்கி வரவில்லை.

"என்ன சொல்றாருங்க?"

"நாங்கள் மூண்டு பேரும் போகலாமாம். சைக்கிளும் போகலாமாம். அந்த உருண்டை போக ஏலாதாம். பெரியவர் வந்து பார்க்கவேணுமாம்."

சக்கரம் இல்லாமல் சைக்கிள் எப்படிப் போகும் என்று கேட்க வாயெடுத்தவன், புவனா மிஸ்ஸின் சைக்கிளைப் பார்த்தேன். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையில் ஸ்பேனர் இருந்தது. அவர் சைக்கிளைச் சாய்த்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். என் சைக்கிளின் முன்சக்கரத்தை, மோட்டாரும் காந்தமுமாகக் கழற்றி மணல் மூட்டையோரம் வைத்தேன். அவசரத்தில் ஒரு நட்டு புல்லுக்குள் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது அந்தச் சிப்பாய்தான். அவர் சக்கரத்தை என் சைக்கிளில் மாட்டினேன். அச்சு மெலிதாக இருந்தது, வாஷர்களை அடுக்கி இறுக்கினேன். முன்பிரேக் பொருந்தவில்லை, விட்டுவிட்டேன். அதற்குள் சுகந்திக்கு வாந்தி. புவனா மிஸ் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "கெதியா, தம்பி, கெதியா" என்றார்.

இப்போது புவனா மிஸ்ஸுக்குச் சைக்கிள் இல்லை. காலையில் எனக்கு மொழிபெயர்த்த மீன் வியாபாரி விற்று முடித்துத் திரும்பி வரிசையில் நின்றிருந்தார். கேட்காமலே மீன்பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தார். "மிஸ், எண்ட சைக்கிளைக் கொண்டு போங்க. நான் இதுல இருந்து உங்கட சாமானைப் பாத்துக்கொள்றன்." பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒற்றைச் சக்கரச் சைக்கிளையும் எங்கள் பட்டறையின் பெருமையையும் காவல் காத்தார்.

பாலத்தைத் தாண்டி முதல் மிதி மிதித்தேன். சைக்கிள் ஓடியது. அப்படியே ஓடியது. பெட்டி போய், கம்பி போய், கடைசியில் மோட்டாரும் போன பிறகுதான் அது நாங்கள் விளம்பரத்தில் சொன்ன மாதிரி சிரமமில்லாமல் போனது. அந்த நேரத்தில் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சட்டை முறுக்கப்படுவது அடிக்கடி நடந்தது. பிறகு முறுக்கிய கை தளர்ந்தது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. "சுகந்தி, என்னோட கதை. கண்ணை மூடாத. கதை" என்று புவனா மிஸ் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். கோயம்புத்தூர், கிரைண்டர், முதலாளி. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது என் சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது.

பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது. சின்னது. ஆனால் அழுதது. தாய்க்கு வலிப்பு வரவில்லை. புவனா மிஸ் வெளியே வந்து, வாசல் கதிரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை நீட்டினார்.

கணவன் தேவன் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. எப்படியோ ஒரு டிராக்டர்காரரைச் சம்மதிக்கவைத்து, குறுக்குப் பாதையால் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். வீட்டில் ஆள் இல்லை. அழுக்கு லுங்கியும் மண் அப்பிய காலுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அயலுக்க சொல்லிச்சினம், கரண்ட் சைக்கிளில சும்மா பறந்து போட்டினம் எண்டு. உந்த மோட்டர் இல்லாட்டி என்ர மனிசி இல்லை அண்ணை."

நான் புவனா மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளைப் புவனா மிஸ்ஸிடமே விட்டுவிட்டு நான் மறுநாள் லோஞ்சில் திரும்புவதற்குள் அந்தக் கதை எனக்கு முன்னால் குடாவைக் கடந்துவிட்டது. சிவநாதன் வாசலுக்கே வந்து கை கொடுத்தார். மின்சார சைக்கிள் ஒரு தாயைக் காப்பாற்றியது என்று மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்றாம், அவர்களுக்குப் பெரிய சந்தோஷமாம். ஆர்டர் ஏறக்குறைய என் கையில் இருந்தது. பட்டறை ஆட்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. இருந்தாலும் கிழிந்த சட்டையோடு நிற்கும்போது பொய்யை வாங்கிக்கொள்ள முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். மோட்டாரைக் கழற்றிய பிறகுதான் வண்டி போனது, அவர்களுக்கு வேண்டியது உறுதியான கரியர் வைத்த வெறும் சைக்கிள்தான் என்றேன்.

சிவநாதன் கதிரையில் சாய்ந்தார். "விளங்குது. ஆனால் வெறும் சைக்கிளுக்குக் குடுக்க அவையளிட்டக் காசில்லை. கரண்ட் சைக்கிளுக்குத்தான் ஒதுக்கி இருக்கினம்."

"அப்ப என்னங்க செய்யறது?"

அவர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் அழைத்து, புவனா மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "கரண்ட் சைக்கிளே வரட்டுமாம். மோட்டரைத் தானே கழட்டுவாவாம். நீங்கள் கூடவே சாதாச் சக்கரமும் ஸ்பானரும் வைச்சு அனுப்பவேணுமாம்."

முதலாளியிடம் ஆர்டர் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். மாதிரி சைக்கிள் எங்கே என்றார். அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்றேன். அவ்வளவு பிடித்துவிட்டதா என்று மகிழ்ந்துபோனார். சாதாச் சக்கரம் எதற்கு என்று கேட்டதற்கு, உதிரி என்றேன்.

சைக்கிள்கள் போய்ச் சேர்ந்து, ரஹீம் நானாவின் கடைக்குப் பின்னால் கிடங்கில் அனுமதிக்காகக் காத்திருந்தபோது, சண்டை மறுபடி தொடங்கியது. முதலில் பற்றியது மூதூர்ப் பக்கம்தான். லோஞ்ச் நின்றது. ஊர் ஊராகச் சனம் நடந்து வெளியேறுவதைப் பட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தூரத்தில் எடுத்த படம், யார் முகமும் தெரியவில்லை. நானாவின் தொலைபேசி நாட்கணக்காகக் கிடைக்கவில்லை.

மாதங்கள் கழித்து அவரே அழைத்தார். புவனா மிஸ் கடைக்கு வந்தாராம். எலும்பாகிப் போயிருந்தாராம். நின்ற நிலையில் எல்லாச் சைக்கிளிலும் மோட்டாரைக் கழற்றவைத்து, லொறி ஒன்றில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனாராம்.

"சுகந்தி, அந்தக் குழந்தை?" என்று கேட்டேன்.

கம்பியில் இரைச்சல். "அவங்களும் முகாமிலதானாம். தகப்பனைப் பத்தி மிஸ் ஒண்டும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. புள்ள நடக்கத் தொடங்கிட்டாம்."

"அதுக்குள்ளேயா?"

"சுத்திவர எல்லாம் நடந்து வந்த சனம்தானே" என்றார் ரஹீம் நானா. "பாத்துப் பழகியிருக்கும்."